வேறு ஆள் அட்டவணை

போன மாதத்தோடு வேலையை விட்டுவிட்டேன். கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பன்னிரண்டு ஆண்டுகள் நோயாளிகளின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்டவள் நான். எனக்கு முப்பத்து நான்கு வயது. சால்வை போர்த்தும்போது, “இந்த வயசுலயே ரிட்டயர்டா?” என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் உண்மையிலேயே ஓய்வு பெற்றவளைப் போலத்தான் இருக்கிறது. எழுந்ததும் போனை எடுத்து, சர்வர் ஓடுகிறதா என்று பார்க்கிற கைக்கு இன்னும் வேறு வேலை கிடைக்கவில்லை.

மருத்துவமனை புது மென்பொருளுக்கு மாறுகிறது. இனி எல்லாம் சென்னை நிறுவனத்தின் சர்வரில். நான் விடுவதற்குச் சில மாதங்களுக்கு முன், எனக்குப் பின் வேலைக்குச் சேர்ந்த சத்யா என் மேசைக்கு வந்து கேட்டாள்.

“அக்கா, ‘வேறு ஆள்’னு ஒரு டேபிள் இருக்குதே, அது என்னாக்கா? ரெண்டே ரெண்டு நம்பர்தான் ஒவ்வொரு வரியிலயும். நம்ம புரோகிராம்ல ஒரே ஒரு எடத்துலதான் அதத் தொடுது. சென்னைக்காரங்க தூக்கிடலாமான்னு கேக்குறாங்க.”

அப்போது களைப்பாக இருந்தது. “அப்புறம் சொல்றேன்” என்றேன். இதுதான் அந்த அப்புறம்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு மருத்துவமனையின் தரவுத்தளத்தில் ஒரு நோயாளிக்கு ஒரு வரிசை. அந்த வரிசைக்கு ஒரு எண். வந்த நாட்கள் ஓர் அட்டவணையில், ரத்தப் பரிசோதனைகள் இன்னொன்றில், மருந்துகள் வேறொன்றில் இருக்கும். அவற்றில் எதிலும் நோயாளியின் பெயர் இருக்காது. அந்த எண்தான் இருக்கும். எண்ணைப் பிடித்தால் ஆளின் மொத்த உடம்பும் வந்துவிடும். எண் தப்பிப்போனால் இன்னொருவர் உடம்பு வரும்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அண்ணாகிராமம் பக்கம் எங்கள் ஊர். அம்மா முந்திரி உடைக்கப் போவார். அப்பா நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டுவார். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். பி.சி.ஏ. முடித்தேன், வேலை கிடைத்தது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

சேர்ந்த முதல் வருடத்தில் நிர்வாகம் கைரேகைக் கருவி வாங்க முடிவு செய்தது. ஒருவர் ரேகை இன்னொருவருக்கு இராது, அதையே ஆளின் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்று விற்க வந்த பொறியாளர் விளக்கினார். நான் எழுந்து, “முந்திரி உடைக்கிற பொம்பளைங்களுக்கு ரேகையே இருக்காது சார்” என்றேன். அவர் சிரித்தார். மறுநாள் அம்மாவைக் கூட்டிவந்தேன். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்து வழுவழுத்துப் போன பத்து விரல்களையும் அம்மா ஒவ்வொன்றாக வைத்தார். பத்து முறையும் சிவப்பு விளக்கு.

“என்னா பாப்பா, இந்த மிஷினுக்கு என்னப் புடிக்கல போலருக்கே” என்றார் அம்மா.

கருவி திரும்பிப் போனது. எங்கள் மக்களை எனக்குத் தெரியும், சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது என்று அன்றைக்கு என் மனதில் ஓர் எண்ணம் உட்கார்ந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் வேர்.

என் மேலதிகாரி ரஹீம் சார், பரங்கிப்பேட்டைக்காரர். பாராட்ட மாட்டார், திட்டவும் மாட்டார். அரை நாள் விடுப்புக்கு மூன்று கேள்வி கேட்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். தரவில் ஒரு வரியை மாற்றுவதென்றாலும், அழிப்பதென்றாலும் அவரிடம் ஒரு நடைமுறை உண்டு. முதலில், மாற்றப் போகிற வரிசைகளை வெறுமனே எடுத்துக் காட்டும் கட்டளையை எழுதி ஓட்ட வேண்டும். வந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு மாற்றும் கட்டளையைக் காகிதத்தில் எழுத வேண்டும். அவர் அதன் ஓரத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு, “எத்தன?” என்பார். எத்தனை வரிசை மாறும் என்று ஓட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். சொன்ன எண்ணை எழுதிக்கொள்வார். ஓட்டிய பிறகு கணினி சொல்லும் எண்ணும் பென்சில் எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரு டிக். அதன் பிறகுதான் உறுதி செய்யும் கட்டளை. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எல்லாவற்றையும் பழையபடி திருப்பிவிட்டு, மறுபடி முதலிலிருந்து. உறுதி செய்த பிறகு திருப்ப முடியாது.

அந்த “எத்தன?” எனக்கு எரிச்சலாக இருக்கும். கைநாட்டுக்காரர் மகள் என்பதால்தான் சோதிக்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தன்னையும் அப்படியேதான் கேட்டுக்கொள்வார் என்பதைப் பின்னால்தான் கவனித்தேன். தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கும்போதும் ஓரத்தில் ஓர் எண்ணை எழுதுவார்.

நான்காவது வருடம் சிதம்பரத்தில் இருந்த எங்கள் கிளையின் தரவையும் கடலூர்த் தரவையும் ஒன்றாக்கச் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் பதிந்தவர்கள் நிறையப் பேர். ஒரே ஆளுக்கு இரண்டு எண். பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் பொருந்தியவர்களைச் சுலபமாகச் சேர்த்துவிட்டோம். மிஞ்சியவர்களில் பெரும்பாலும் பெண்கள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

எங்கள் பதிவில் பாதுகாவலருக்கு ஒரே ஒரு கட்டம்தான். அதில் தகப்பன் பெயரோ, கணவன் பெயரோ இருக்கும். கல்யாணம் ஆனதும் பெண்ணுக்கு இனிஷியல் மாறிவிடுகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள், அங்கே உள்ள எங்கள் கிளையில் கணவன் பெயரைச் சொல்லிப் புது அட்டை வாங்குகிறாள். கணினிக்கு அவள் இரண்டு ஆள். ஆகவே நான் ஒரு விதி எழுதினேன். பெண், ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே ஊர், ஒரே போன் நம்பர், முந்தைய பதிவில் தகப்பன் பெயர், பிந்தைய பதிவில் கணவன் பெயர் என்றிருந்தால் இருவரும் ஒருத்தியே.

“ஐடியா சரியாத்தான் இருக்கு. போன் பண்ணிக் கேட்டுக்கிட்டியா?” என்றார் ரஹீம் சார்.

“இருபது பேருக்குப் பண்ணேன் சார். இருபதும் சரி.”

“மிச்சம்?”

“நானூத்திப் பன்னெண்டு பேருக்கும் எப்பிடி சார் பண்றது? எங்க ஊருப் பொண்ணுங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?”

என்னை ஒரு தடவை பார்த்தார். பென்சிலை எடுத்தார். “எத்தன?”

“நானூத்திப் பன்னெண்டு.”

ஓட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு. டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டார். நான் உறுதி செய்தேன். இரண்டு பதிவும் முரண்படுகிற இடத்தில் பிந்தைய பதிவில் உள்ளதே நிற்கும் என்பதும் நான் எழுதியதுதான். புதியதுதானே சரியாக இருக்கும்?

அதற்குப் பிறகு எட்டு மாதம் எதுவும் நடக்கவில்லை.

ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில், கடலூர் முதுநகருக்குத் தெற்கே உள்ள மீனவர் குப்பத்திலிருந்து ரேணுகா என்ற இருபது வயதுப் பெண் வந்தாள். படகில் கிடந்த துருப்பிடித்த கம்பி காலைக் கிழித்துச் சீழ் வைத்திருந்தது. வரவேற்பில் இருந்தவள் கலைவாணி, ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவள். அங்கே நடந்ததை அவளே பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

திரையைப் பார்த்து, “ரேணுகா, க/பெ சுரேஷ்தானே?” என்றிருக்கிறாள்.

“ஐயய்யோ, சுரேஷு எங்க அண்ணன்!” என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். “எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல. எங்கப்பா பேரு மணி.”

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். கலைவாணியும் சிரித்தாள். கட்டத்தில் சுரேஷை அழித்து மணி என்று அடித்து உள்ளே அனுப்பினாள்.

மருத்துவர் ஊசி எழுதினார். “எதுனா மருந்து ஒத்துக்காதா?” என்று நர்ஸ் கேட்டார். “சின்னதுல ஏதோ ஊசி ஒத்துக்கலன்னு அம்மா சொல்லும்” என்றாள் ரேணுகா. நர்ஸ் திரையைப் பார்த்தார். ஒவ்வாமை: இல்லை. “இங்க ஒண்ணும் இல்லன்னுதானே போட்டிருக்கு” என்று சொல்லிவிட்டு, வழக்கப்படி முழங்கைக்குக் கீழே சோதனைக்காகத் துளி பென்சிலின் போட்டார். அந்தத் துளியே போதுமானதாக இருந்தது. சில நிமிடங்களில் உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியது.

மாடியில் நான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தேன். ரஹீம் சார் போனில் அந்த எண்ணைச் சொல்லி, “வரலாற எடு, சீக்கிரம்” என்றார். எடுத்தேன். முதல் வரியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கல்யாணம் ஆகாத பெண்ணின் எண்ணில், சிதம்பரத்தில் ஒரு பிரசவம் இருந்தது.

அந்த வீட்டில் இரண்டு ரேணுகா. ஒருத்தி மணியின் மகள். இன்னொருத்தி மணியின் மகன் சுரேஷுக்கு வாழ்க்கைப்பட்டு, சிதம்பரம் பக்கமிருந்து வந்த மருமகள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குலதெய்வம், அந்த அம்மன் பெயரையே இருவருக்கும் வைத்திருக்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போது ஐந்து வயது நிரம்பியதாகக் காட்ட வாத்தியார்கள் போட்ட ஜூன் ஒன்றுதான் இருவருக்கும் பிறந்த தேதி, வருடமும் ஒன்றே. கடலுக்குப் போகிற ஆண்களின் நம்பரைக் கொடுத்தால் எடுக்க மாட்டார்கள் என்று, வீட்டில் கிடக்கும் மணியின் போன் நம்பரைத்தான் எல்லாரும் எல்லா இடத்திலும் கொடுப்பார்கள். என் விதிக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தார்கள் நாத்தனாரும் அண்ணியும். மகளின் பழைய பதிவில் இருந்த ‘பென்சிலின் ஒவ்வாமை’ மேல், மருமகளின் புதிய பதிவில் இருந்த ‘இல்லை’ போய் உட்கார்ந்துவிட்டது.

கீழே இறங்கினேன். அவசரப் பிரிவு வாசலில் ஓர் அம்மாள், மீன் வாடை போகாத சேலையோடு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்: “ஊசி ஒத்துக்காதுன்னு செவப்பு மையில எழுதிக் குடுத்தாங்களே. நாந்தான் வாங்கியாந்து இங்க குடுத்தேன். அந்த சீட்டு எங்க போச்சி?”

பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாடிக்குத் திரும்பிவிட்டேன்.

பெண் பிழைத்துக்கொண்டாள். இரண்டு நாள் தீவிர சிகிச்சை, மூன்றாம் நாள் வார்டு. நான்காம் நாள் விசாரணை வைத்தார்கள். நிர்வாக மேலாளருக்குக் காரணம் தயாராக இருந்தது. கவுன்டர் பெண் பாதுகாவலர் பெயரை யாரையும் கேட்காமல் மாற்றியிருக்கிறாள், ஒப்பந்தம்தான், அனுப்பிவிடலாம்.

அன்று மாலை ரஹீம் சார் என் மேசையில் இரண்டு காகிதங்களை வைத்தார். ஒன்று, பதிவுகளை இணைத்த அன்றைய கணினிக் குறிப்பு. அதில் என் பயனர் பெயர். மற்றது அவர் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம்.

“அனுமதிச்சது நான்னு எழுதிட்டேன். செஞ்சது யாருங்கிற எடம் காலியா இருக்கு. அத நான் ரொப்ப மாட்டேன்” என்றார். பிறகு வழக்கமான குரலில், “டீ குடிக்கப் போறேன்” என்று போய்விட்டார்.

வீட்டுக்குப் போனேன். அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்: “எங்க பொண்ணு ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டரையே பாத்துக்குது. அது சொன்னாத்தான் டாக்டருக்கே தெரியும்.” அதை எத்தனை முறை கேட்டிருப்பேன், அன்றுதான் முதல்முறையாக அது உண்மை என்று தெரிந்தது. சாப்பிடாமல் படுத்தேன். கலைவாணிக்கு இரண்டு குழந்தைகள், கணவன் சரியில்லை. எனக்கு அந்த மாதம்தான் முதுநிலைப் பதவிக்குப் பெயர் போயிருந்தது.

மறுநாள் காலை கடிதம் எழுதினேன். முதலில், ‘இணைப்பு விதியில் ஏற்பட்ட பிழையால்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது அதில் ஆளே இல்லை. அடித்துவிட்டு, ‘விதியை எழுதியவள் நான். கேட்டுச் சரிபார்க்கலாம் என்று சொல்லியும் தேவையில்லை என்றவளும் நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கலைவாணி ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு தப்பினாள். பதவி வேறொருவருக்குப் போனது. தரவை மாற்றும் உரிமையை என்னிடமிருந்து எடுக்கச் சொன்னார்கள். ரஹீம் சார் அதை என் முன்னாலேயே செய்தார். கட்டளையைக் காகிதத்தில் எழுதினார். பென்சிலை ஓரத்தில் வைத்தார்.

“எத்தன?”

“ஒண்ணு சார்.”

ஓட்டினார். ஒன்று. டிக்.

பதினோரு மாதம் படிக்க மட்டும்தான் உரிமை. ஓர் எழுத்தை மாற்றக் காகிதம் எடுத்துக்கொண்டு அவர் மேசைக்கு நடப்பேன். அந்த நடை இன்னும் என் காலில் இருக்கிறது.

இணைத்ததைப் பிரிப்பது எளிதாக இல்லை. இணைப்புக்கு முந்தையவற்றைக் காகிதக் கோப்புகளை வைத்துப் பிரித்துவிட்டேன். பிந்திய எட்டு மாதத்தில் அந்த ஒரே எண்ணில் பதினொரு வருகைகள் இருந்தன. எது யாருடையது என்று எந்தக் கணினிக்கும் தெரியாது. பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன்.

வீட்டு வாசலில் மணி வலை கோத்துக்கொண்டிருந்தார். இரண்டு ரேணுகாக்களும் வந்து உட்கார்ந்தார்கள். மகளின் கையில் ஊசி ஏற்றிய இடம் இன்னும் நீலமாக இருந்தது. மருமகளின் இடுப்பில் குழந்தை. அன்று அவசரப் பிரிவு வாசலில் பார்த்த அம்மாள், மணியின் மனைவி, ஒரு மூலையில் கருவாட்டைப் பிரித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பவே இல்லை.

“நீங்கதான் எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாக்குனவுங்களா?” என்றாள் மகள்.

“ஆமா.”

“அண்ணன் கிட்டச் சொல்லுங்க. வீட்டுல ரெண்டு வாயி ஜாஸ்தின்னு அது தெனம் பொலம்புது.”

ஒவ்வொன்றாகப் படித்தேன். ஐப்பசியில் காய்ச்சல்.

“அது எனுது” என்றாள் மருமகள்.

“இல்ல அண்ணி, அந்த மழையில நாந்தான் படுத்துக் கெடந்தேன். நீங்க கஞ்சி வெச்சிக் குடுத்தீங்க.”

“ஆமா ஆமா, உனுதுதான். எனக்கு வாந்தி.”

“வாந்தி தைமாசம்.”

“ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே சீக்கா வந்திருந்தா மேடத்துக்கு இந்த அலைச்சல் வந்திருக்காதுல்ல?” என்றார் மணி, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பத்து வரிகளுக்கு ஆள் கிடைத்தது. ஒன்று மட்டும் மிஞ்சியது. தலைசுற்றல், ரத்த அழுத்தம் அதிகம், மாத்திரை எழுதியிருக்கிறது. இருவரும் இல்லவே இல்லை என்றார்கள். நான் மறுபடி படித்தேன். மூலையிலிருந்து குரல் வந்தது.

“அது நானு.”

எல்லாரும் திரும்பினோம்.

“மருமவ அட்டைய எடுத்துக்கினு போனேன். புது அட்டைக்கு அம்மாம் பெரிய வரிச நிக்குது, யாரு நிப்பா?” என்றார் அம்மாள், கருவாட்டைப் பார்த்தபடியே. அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

ஒரு வரிசைக்குள் மூன்று பெண்கள் இருந்திருக்கிறார்கள். என் விதி பிழை என்று ஒப்புக்கொண்ட பிறகும், அதைவிட நல்ல விதி ஒன்றை எழுதிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. திரும்பி வரும் பேருந்தில் அதுவும் போய்விட்டது. எந்த விதி எழுதினாலும் வாசலில் உட்கார்ந்து கேட்காமல் தெரியாத ஒன்று மிஞ்சும்.

உரிமை திரும்பக் கிடைத்ததும் நான் செய்த முதல் வேலை அந்த அட்டவணை. இரண்டே கட்டம், இரண்டிலும் நோயாளி எண். ‘இவரும் அவரும் ஒருவர் அல்லர்’ என்பது மட்டும்தான் அதன் பொருள். பதிவுகளை இணைக்கும் நிரல் முதலில் இதைப் பார்க்கும், ஜோடி இருந்தால் தொடாது. முதல் வரிசை இரண்டு ரேணுகா. அடுத்த இரண்டு வரிகள், புது எண் கொடுத்த அம்மாளையும் ஒவ்வொரு ரேணுகாவையும் பிரித்துக் காட்ட. பிறகு ஒவ்வொரு சந்தேகத்துக்கும் போன் பண்ணினேன், எடுக்காதவர்களுக்கு மறுபடி பண்ணினேன். ஏழு வருடம். ரஹீம் சார் ஓய்வு பெற்றுப் போகும்போது அட்டவணையைத் திறந்து பார்த்தார். “நல்லாருக்கு” என்று சொல்லவில்லை. “எத்தன?” என்றார். இருநூற்றுப் பதினாறு என்றேன். பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

சத்யா கேட்ட மறுநாள் நானே சென்னை நிறுவனத்தோடு பேசினேன். எங்களுடைய மென்பொருள் தானாகவே ஆளைக் கண்டுபிடிக்கும், இதுபோன்ற அட்டவணைக்கு அதில் இடமில்லை மேடம் என்றார்கள். சோதனைக்காக ஏற்றிய தரவில் ‘ஒருவராக இருக்கலாம்’ என்று அது கொடுத்த பட்டியலைக் கேட்டு வாங்கினேன். தேடவே வேண்டியதில்லை. முதல் பக்கத்திலேயே இருந்தார்கள். ரேணுகா, ரேணுகா.

மூன்று கடிதம் எழுதினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. சண்டை போட எனக்குத் தெம்பில்லை. வேலையை விட அது மட்டும் காரணமில்லை, ஆனால் அதுவும்தான்.

கடைசி நாள் சால்வையைப் பையில் வைத்துக்கொண்டு, அட்டவணையைப் பெயர்களோடு அச்சிட்டுக் கீழே கொண்டுபோனேன். கவுன்டரில் கலைவாணிதான் இருந்தாள். எட்டு வருடத்தில் அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. தாள்களைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். புரட்டிப் பார்த்தாள்.

“இதுல பாதிப் பேர எனக்கு மூஞ்சியே தெரியும்” என்றாள். பிறகு முதல் வரியில் விரலை வைத்தாள். “அன்னிக்கி நான் சிரிச்சேன்ல. சிரிச்சிக்கினே பேர மாத்திட்டேன். சிரிக்காம மாடிக்கு ஒனக்கு ஒரு போன் அடிச்சிருந்தா அந்தப் பொண்ணுக்கு அப்பிடி ஆயிருக்காதுல்ல? எத்தினியோ தடவ நெனச்சிப் பாத்துட்டேன்.”

எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். இதை எழுதவில்லை.

“நீ போன் அடிச்சிருந்தா, ‘அதெல்லாம் சரியாத்தான் இருக்கும், பேர மட்டும் மாத்திக்கோ’ன்னு சொல்லியிருப்பேன்” என்றேன்.

கலைவாணி மேசைக் கண்ணாடியைத் தூக்கி, முதல் தாளை அதற்கடியில் விரித்து வைத்தாள். மிச்சத்தை இழுப்பறையில் போட்டாள். வரிசையில் முன்னால் நின்ற பெண்ணைப் பார்த்து, “வாம்மா. உன் பேரு? வீட்டுல அதே பேர்ல வேற யாருனா இருக்காங்களா?” என்றாள்.